கவிழ்த்த கூடை

இன்னும் ஒரு படகையும் காணோம். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி படுத்துக்கிடக்கிறது, இதுவா புயலன்றைக்கு அப்படி எழுந்து ஊருக்குள் வந்தது என்று யாராவது கேட்டால் நானே நம்ப மாட்டேன். கால் வலிக்கிறது. இடது முட்டிக்குள் யாரோ கல்லுப்பைக் கொட்டி அரைக்கிற மாதிரி. உட்காரலாம்தான், ஆனால் நான் உட்கார்ந்தால் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் உட்கார்ந்துவிடுவார்கள், உட்கார்ந்த கூட்டம் கடலிலிருந்து பார்த்தால் கூட்டமாகவே தெரியாது, ஒதுங்கிய குப்பை மாதிரித்தான் தெரியும். குப்பைக்குத்தான் இங்கே பஞ்சமில்லையே. உடைந்த படகு, பிய்ந்த வலை, எவன் வீட்டு நிலைக்கதவோ, கழுத்தைத் திருகிப் போட்ட தென்னை, எல்லாவற்றின் மேலும் கடல் கொண்டுவந்து பூசிவிட்டுப் போன கறுப்புச் சேறு, காய்ந்து வெடித்து நாறுகிறது. "யாரும் உக்காராதீங்கடி" என்று திரும்பாமலே சொன்னேன். "கால் வலி ஒனக்கு மட்டும்தானா, எங்களுக்கு என்ன தூணா வச்சிருக்கு?" என்றாள் வேதவல்லி. அவள் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது, அவளோடும் நடக்காது. பூவாந்துறையில் நான் மீன் ஏலம் கூற ஆரம்பித்த நாளிலிருந்து என் விலைக்கு எதிர்விலை சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள். இன்று விடியலில் அவள் வாசலில், வாசல் என்று என்ன இருக்கிறது, தொங்குகிற தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நின்று, "கூடையை எடுத்துக்கிட்டு கரைக்கு வா, வாங்க வேணாம், சும்மா நில்லு" என்றேன். "வேற வேல இல்லையா ஒனக்கு? வெறுங்கூடையைக் காட்டி யார மயக்கப் போற?" என்று கேட்டாள், கேட்டுக்கொண்டே கூடையைத் தேடினாள். கூடை புயலோடு போய்விட்டது. வீடு கட்டுகிறவர்கள் விட்டுப்போன சிமெண்டுச் சட்டியைத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பரவாயில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் சட்டியும் கூடைதான், வேதவல்லியும் வியாபாரிதான்.

வருவான். என் அண்ணன் மகன் வைத்தி, வராமல் எங்கே போவான். போவான், போகிறான், அதுதானே சங்கதி. ஊரில் இருந்த படகுகளில் ஓடுகிற மாதிரி தேறியது மூன்றுதான், அதில் ஒன்று வைத்தியுடையது, மூன்றும் பிடிக்கிற மீனை வடக்கே சேத்திக்குப்பத்தில் கொண்டுபோய் இறக்குகின்றன. நேற்று அவனை மறித்து நிறுத்தினேன். "ஏன்டா, பொறந்த ஊரு இங்க இருக்க, மீனை அங்க எறக்கற?" "அத்தை, அங்க வாங்க ஆளு இருக்கு. ஐஸ் இருக்கு. இங்க எறக்கி நான் என்ன காக்காய்க்கா போட?" "நீ எறக்குனாத்தான் ஆளு வரும்." "ஆளு வந்தாத்தான் நான் எறக்க முடியும்." அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. இதைத்தான் புயல் போன நாளிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படகு வந்தால் மொபெட் வியாபாரிகள் வருவார்கள், மொபெட் வந்தால் ஐஸ் வண்டி வரும், ஐஸ் வந்தால் படகு வரும். டீக்கடை சிங்காரம் துறை திறக்கட்டும் கடையைத் திறக்கிறேன் என்கிறான், துறைக்கு வருகிறவன் டீகூடக் கிடைக்காத ஊர் என்கிறான். எல்லோரும் எல்லோருக்காகவும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், கல்யாணப் பந்தியில் முதலில் யார் உட்காருவது என்று நிற்கிற மாதிரி, சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது, எனக்கு வராத கோபமா. "நாளைக்குக் கரையில கூட்டம் நிக்கும்டா, கண்ணைத் தொறந்து பாரு" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "கூட்டம் நின்னா வரேன் அத்தை. மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன். இல்லேன்னா இனிமே எங்கிட்ட இதைப் பேசாதீங்க." இனிமே பேசாதே. என்னிடம். இந்த வாயை வைத்துத்தான் அவன் அப்பனின் முதல் படகுக்கு எஞ்சின் விலையைப் பேசி முடித்தேன். கணவன் மஞ்சள் காமாலையில் போன வருஷம் மணலில் சிந்திய மீனைப் பொறுக்க வந்தவள் நான், பொறுக்கினதற்கு அடித்தார்கள், அடித்தவனிடமே நின்று ஏலம் எப்படிக் கூறுவது என்று கேட்டுக் கேட்டே படித்தேன். எங்கே குரலை ஏற்றுவது, எங்கே நிறுத்தி ஆளின் முகத்தைப் பார்ப்பது, எவள் வேண்டாம் என்கிறபோது அவள் கை கூடையை இறுக்கிப் பிடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதையா சொல்லித்தருகிறார்கள்.

பள்ளிக்கூடம் என்றதும் அந்தப் பையன் ஞாபகம் வருகிறது, கண்ணாடி போட்டவன், பட்டணத்திலிருந்து ஆய்வு என்று மைக்கை நீட்டிக்கொண்டு வந்தான். "அம்மா, இந்த ஊர் மீண்டு வர எத்தனை வருஷம் ஆகும்னு நினைக்கிறீங்க?" மீண்டு வர. ஊர் என்ன காய்ச்சலில் படுத்திருக்கிறதா, கஞ்சி குடித்து எழுந்துகொள்ள? கத்தி அனுப்பிவிட்டேன், பாவம், செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டுப் போனான். ஆனால் ராத்திரி படுத்தால் அந்தக் கேள்விதான் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. மெயின் ரோட்டுக்கு நடந்து போய்ப் போன் போட்டால், திருப்பூரிலிருந்து மகன் மதியழகனும் அதைத்தான் கேட்கிறான், வேறு வார்த்தையில். "அம்மா, அங்க இனிமே என்னம்மா இருக்கு? கெளம்பி வா. மாடியில ஒரு ரூம் இருக்கு." இருக்கிறதுதான். போன தடவை போனபோது அந்த ரூமில் படுத்தேன், நாள் பூராவும் தையல் மிஷின் சத்தம், ஜன்னலைத் திறந்தால் சாயக்கழிவு நாற்றம், ஆனால் கூரை ஒழுகவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். நேற்று, "நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன்டா. படகு எறங்கலைன்னா நீ சொன்னபடி வந்துடறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் என்னோடேயே பேரம் பேசியிருக்கிறேன் என்று. ஆயுசில் முதல் தடவை கீழ்விலையை நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வாங்குகிறவனிடம் கடைசி விலையைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் பேச்சே கிடையாது. இன்றைக்கு இறங்க வேண்டும். நாளைக்கு என்றெல்லாம் இல்லை. இன்றைக்கு இவர்கள் வெறும் கையோடு திரும்பினால் நாளைக்கு ஒருத்தியும் வரமாட்டாள், நானே வரமாட்டேன், இந்த முட்டி வராது.

"அக்கா, மெயின் ரோட்டுல தார்ப்பாய் லாரி வருதாம்" என்றாள் பின்னாலிருந்து குணவதி. "யார் சொன்னா?" "எல்லாரும் சொல்றாங்க." "எல்லாரும் சொல்றது என்னிக்கு வந்திருக்கு? நில்லு." நின்றாள். குணவதி எதைச் சொன்னாலும் நிற்கிற பெண், அவள் புருஷன்தான் நிற்கமாட்டேன் என்று போனவன். அதை நினைக்கக் கூடாது. புயல் ராத்திரியில் காற்று நின்ற அந்த நேரம். ஊரே ஏலக்கூடத்துக்குள் அடைந்து கிடந்தோம், மேலே கூரைத்தகடு ஒவ்வொன்றாகப் பிய்ந்து போகிறபோது யாரோ பெரிய துணியைக் கிழிக்கிற மாதிரி சத்தம், குழந்தைகள் அழுது அழுது சத்தம் அடங்கிப்போய் வாயை மட்டும் திறந்துகொண்டிருந்தன. பிறகு நின்றது. அப்படியே, கையால் பொத்தினாற்போல. வானத்தில் ஒரு நட்சத்திரம் கூடத் தெரிந்தது. விட்டுவிட்டது, விட்டுவிட்டது என்று ஆளாளுக்கு எழுந்தார்கள், ஒருத்தி சிரித்தாள், குணவதியின் புருஷன் கோவிந்தராசு "படகை ஒரு தடவை பாத்துக் கட்டிட்டு வந்துடறேன்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனான். வேறு யாரும் போகவில்லையா, போனார்கள், ஓடி வந்தும்விட்டார்கள். புயலுக்கு நடுவில் அப்படி ஒரு ஓட்டை இருக்கும், பிறகு காற்று மறுபக்கத்திலிருந்து திரும்ப வரும் என்று ரேடியோவில் சொன்னதாக அப்புறம் சொன்னார்கள், ரேடியோவை யார் கேட்டது. திரும்ப வந்தது. கோவிந்தராசு சுவர் சாய்ந்து இடுப்பு முறிந்து இப்போது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், எழுந்து நடப்பானா என்று கேட்டால் டாக்டர் மேலே பார்க்கிறார். அந்த அமைதி. இரைச்சலுக்கு நான் பயப்படவே இல்லை, இரைச்சலிலேயே பிழைத்தவள் நான். அந்த அமைதிதான், காதுக்குள் ஈரத்துணியை அடைத்த மாதிரி, இப்போதும் எங்காவது சத்தம் நின்றால் நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறேன், சமையலில் எண்ணெய் பொரிவது நின்றால், பேசிக்கொண்டிருக்கிறவன் மூச்சு வாங்க நிறுத்தினால். இதோ இப்போது மாதிரி. ஏன் யாரும் பேசவில்லை? பின்னால் இத்தனை பெண்கள் நின்றுகொண்டு பேசாமல் இருக்கிறார்கள் என்றால்.

எஞ்சின் சத்தம். வருகிறார்கள். மூன்று பேரும், முன்னால் வைத்தியின் படகு, நீலமும் வெள்ளையும், நுரையை இரண்டாக வகிர்ந்துகொண்டு வருகிறது, அட பாவிப்பயலே, சொன்னபடி மற்ற இரண்டையும் கூட்டிக்கொண்டு வருகிறான். முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டிவிட்டதால் எஞ்சினை நிறுத்தி, தூக்கி வைத்துக்கொண்டு, அலைக்குக் காத்திருந்துதான் உள்ளே வர வேண்டும். நிறுத்தினார்கள். கரையைப் பார்க்கிறார்கள். பாருங்கடா, நல்லாப் பாருங்க. அலை ஒன்று வந்தது, படகு வரவில்லை. இன்னொன்று வந்தது, வரவில்லை. ஏன்? கடைசியில் நின்ற படகு மூக்கை வடக்கே திருப்பியது. ஏன்டா? அதன் பின்னால் அடுத்ததும். அப்போதுதான் திரும்பினேன், இந்த அரைமணி நேரமாகத் திரும்பாமல் நின்ற கழுத்தைத் திருப்பினேன், பார்த்தால் அத்தனை பேரும், அத்தனை பேரும், வெயிலுக்குக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வேதவல்லி சிமெண்டுச் சட்டியை ஹெல்மெட் மாதிரி கவிழ்த்துக்கொண்டு நிற்கிறாள். மூளை கெட்டவர்களா! இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்குத் தெரியும், இடுப்பில் கூடை என்றால் வாங்க நிற்கிறார்கள், தலையில் நிமிர்ந்த கூடை என்றால் வாங்கிவிட்டார்கள், தலையில் கவிழ்ந்த கூடை என்றால் ஏலம் முடிந்தது, வீட்டுக்குப் போகிறார்கள், இனி வந்து பயனில்லை. கடலில் இருக்கிறவன் அதைப் பார்த்துத்தான் எந்தக் கரை என்று முடிவெடுப்பான், அவன் அப்பனும் அப்படித்தான் எடுத்தான். "எறக்குங்கடி! கூடையை எறக்குங்க! கருமம் புடிச்சவளுகளா, கடையைச் சாத்திட்டோம்னு ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டு நிக்கிறீங்களே!" குணவதி கூடையை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "வெயில் தாங்கல அக்கா, மறந்துட்டேன், நான் வச்சேன், அப்புறம் எல்லாரும்..." "மறந்தா போச்சு! மறக்கறதுக்கா நிக்க வச்சேன்?" மறந்துதான் போயிருக்கிறார்கள். அதில்தான் என் கோபத்துக்குள்ளே ஏதோ ஒன்று சரிந்தது. எத்தனை நாளாகக் கரையில் மீன் வாங்கவில்லை, கூடை கூடையாக இல்லை, வெயிலுக்கு ஒரு குடையாகிவிட்டது. ஊர் போவது இப்படித்தான் போலிருக்கிறது, வீடு இடிந்து அல்ல.

கூடைகள் இறங்கின, ஆனால் இரண்டு படகுகள் போய்க்கொண்டிருந்தன, வைத்தியின் படகு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டு நின்றது, அவன் எழுந்து நின்று எஞ்சின் கயிற்றில் கையை வைத்துவிட்டான். டவர் விழுந்ததிலிருந்து கரையில் போன் எடுக்காது. சேலையை அவிழ்த்தா ஆட்ட முடியும். காற்று என் முதுகில் பட்டது, மேலக்காற்று, கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. வாய் தானாகத் திறந்துவிட்டது. "வஞ்சிரம் ஒரு கூறு! பாத்துக் கேளு, பாத்துக் கேளு, கண்ணு கலங்காத வஞ்சிரம் ஒரு கூறு! ஐநூறு ஒருதரம்!" பெண்கள் என்னைப் பார்த்தார்கள். வெறும் மணலைக் காட்டி ஏலம் கூறுகிறேன். கிழவிக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். "கேளுங்கடி! வாய் இல்லையா?" ஒரு நொடி, அந்த அமைதி. பிறகு வேதவல்லி, வேறு யார், "அறுநூறு!" என்று கத்தினாள், "அறுநூறுக்கு மேல ஒரு பைசா கிடையாது, மீனு நாறுது!" "நாறுறது மீனா, ஒன் வாயா? எழுநூறு!" என்றது ஒரு குரல். "ஆயிரம்!" "ரெண்டாயிரம்!" "நான் என் வீட்டையே தரேன்!" "ஒன் வீடு எங்கடி இருக்கு, நேத்துதான் சேத்திக்குப்பத்துல ஒதுங்குச்சாம்!" சிரித்தார்கள். இத்தனை நாளில் சிரித்தார்கள். இல்லாத மீனுக்காக இடித்துக்கொண்டு முன்னே வந்தார்கள், கூடையைத் தட்டினார்கள், சட்டியைத் தட்டினார்கள், "எனக்குத்தான் முதல்ல" என்று குணவதி கிறீச்சிட்டாள், அவளுக்கு அவ்வளவு குரல் இருப்பது எனக்கே தெரியாது. "ரெண்டாயிரம் ரெண்டுதரம்!" என் தொண்டை கிழிந்தது. கடலைப் பார்த்தேன். போன இரண்டும் போய்விட்டன, எஞ்சின் போட்டவனுக்கு எது கேட்கும். வைத்தி மட்டும் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அலை வந்தது. துடுப்பைப் போட்டான்.

படகு மணலில் முட்டியபோது ஏலம் தானாக நின்றுவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு, பொய் சொல்லிப் பிடிபட்டவர்கள் மாதிரி நின்றோம். வைத்தி குதித்து இறங்கினான், மணலைப் பார்த்தான், கூடைகளுக்குள் பார்த்தான், வேதவல்லியின் சட்டியைப் பார்த்தான். "எந்தப் படகு வஞ்சிரம் அத்தை அது?" "ஒங்க தாத்தா படகுடா." "தாத்தாவே வஞ்சிரம் புடிச்சதில்ல." "அதனாலதான் விலை ஏறிப்போச்சு." அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிறகு அடக்காமல், பிறகு சட்டென்று முகம் மாறிச் சொன்னான். "வாங்க ஆளே இல்ல, இல்லையா?" நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படகுக்குள் எட்டிப் பார்த்தேன். "அவங்க ரெண்டு பேரும் சாயங்காலம் வந்து எங்கிட்டக் கேப்பாங்க அத்தை. கரையில எத்தனை பேரு நின்னாங்கன்னு கேக்கமாட்டாங்க. மீனு போச்சா, என்ன விலைக்குப் போச்சுன்னுதான் கேப்பாங்க. நான் பொய் சொல்லமாட்டேன்." "யாரு சொல்லச் சொன்னா? கொட்டு." கொட்டினான். சூடையும் காரப்பொடியும் என்று பொடிமீன்கள், நாலைந்து நண்டு, ஒரு குடும்பம் கூடச் சுற்றி நின்று பெருமையாகப் பார்க்க முடியாத மீன். ஆனால் மணலில் விழுந்து துள்ளியது, அந்தச் சத்தம், ஈரமான கை தட்டுகிற மாதிரி. காக்கைகள் எங்கிருந்தோ வந்துவிட்டன, அவை மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. குனிந்து கூறு பிரித்தேன், முட்டி கத்தியது, கத்தட்டும். "சூடை ஒரு கூறு. எவ்வளவு?" ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. "ஏன்டி, இப்பத்தானே ரெண்டாயிரம் ரெண்டாயிரம்னு கடலுக்கே கேக்கறாப்ல கத்துனீங்க, இப்ப என்ன ஆச்சு?" "அப்ப மீனு இல்ல, தைரியமாக் கேட்டோம்" என்றாள் வேதவல்லி. யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தக் குரல் இல்லை. கெஞ்சலாமா என்று கூட ஒரு நினைவு வந்து போனது. கெஞ்சி வாங்க வைத்தால் அது விலை ஆகாது, அது பிச்சை, சாயங்காலம் அந்த இரண்டு பேரும் அதை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நின்றேன். கூறைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் குணவதி முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்க்காமலே, தொட்டுப் பார்த்துக்கொண்டே, "நாப்பது" என்றாள். "நிவாரண முகாம்ல வித்துடுவேன் அக்கா. நாப்பது." நாற்பது என்பது நல்ல விலையே இல்லை. என் வாழ்நாளில் சூடைக்கு அந்த விலையைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டேன். "நாப்பது ஒருதரம்" என்றேன், களைத்துப்போய், யாரையும் பார்க்காமல். "நாப்பது ரெண்டுதரம்." குணவதி குனிந்து கூடையை மீனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அப்போது வேதவல்லியின் சட்டி குறுக்கே வந்தது. "ஏய், கையை எடு. நாப்பத்தஞ்சு. இவ மட்டும் முகாமுக்குப் போவா, நாங்க வேடிக்கை பாக்கணுமா?" குணவதி நிமிர்ந்தாள். எதைச் சொன்னாலும் நிற்கிற அந்தப் பெண் வேதவல்லியை ஒரு முறை முறைத்தாள், நாலு தலைமுறைப் பகை இருக்கிற மாதிரி. "அம்பது" என்றாள். வேதவல்லி திருப்பி முறைத்தாள். பின்னால் நின்றவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள், எந்தக் கூறு பெரிசு என்று எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் தள்ளினாள், தள்ளப்பட்டவள் அவளுடைய ஆத்தாளை இழுத்துத் திட்டினாள். யாரும் யாருக்கும் இரக்கப்படவில்லை. எனக்குக் கண் எரிந்தது, வெயில்தான். குரல் போயிருந்தது, இருந்ததை வைத்துக்கொண்டு கேட்டேன். "அம்பது ஒருதரம். அதுக்கு மேல யாரு?"